சென்னையைச் சுற்றிப் பசுமை வளையம் போட்டால் வயல்கள் தப்புமா?

கேள்வி இதுதான்: சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் அரசாணை வந்துவிட்டது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டம், 2026-க்குப் பிந்தைய காலத்துக்கு, வேறு வரப்போகிறது. இந்த நேரத்தில் லண்டனைப் போல நகரத்தைச் சுற்றி ஒரு பசுமை வளையம் அறிவித்து, அதற்குள் கட்டடமே கூடாது என்று சொல்லிவிட்டால் மிச்சமிருக்கும் வயலும் ஏரியும் தப்பாதா?

கோடு போடத்தான் வேண்டும். ஆனால் கோட்டை மட்டும் நம்பினால் இருபது, முப்பது வருடத்துக்குள் அது அழிக்கப்பட்டுவிடும். கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட விவசாயிக்கு நகரம் எதையும் கொடுக்காதவரை, அந்தக் கோட்டை நீக்கக் கேட்டு முதலில் வருபவரே அவராகத்தான் இருப்பார். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நம் பக்கத்தில் ஒரு வயல் எப்படி மனையாகிறது என்று பார்ப்போம். வீடு கட்டும் அன்றைக்கு வயல் அழிவதில்லை. அதற்குப் பல வருடம் முன்பே அது செத்துப்போயிருக்கும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை, அதாவது இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூரை, ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைத் தேக்கித்தான் மிச்ச வருடத்தை ஓட்ட வேண்டும். மேல் ஏரி நிரம்பினால் உபரி வழியும் கலங்கல் வழியாகத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியாக ஆயக்கட்டுக்கு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல்பரப்புக்கு, போகும். ஒரு ஏரி தனியாக நிற்பதே இல்லை. மேலே வரத்துக் கால்வாய், கீழே ஆயக்கட்டு, பக்கத்தில் போக்குக் கால்வாய் எல்லாம் சேர்ந்தால்தான் அது ஏரி. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபையின் குழுக்களில் ஒன்றாக ஏரி வாரியத்தைச் சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் தேர்ந்தெடுத்த வட்டாரம் இது.

இப்போது ஒரு சாலை வருகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு வட்டச் சாலைக்கு வேலை நடக்கிறது. சாலைக்கு மண் கொட்டி மேடு போடுகிறார்கள். வரத்துக் கால்வாய் குறுக்கிடும் இடத்தில் பதித்த குழாய் சிறியதாகவோ, ஒரு முழம் மேடாகவோ அமைந்துவிட்டால் போதும், அந்த ஏரி இனி நிரம்பாது. முதலில் கடைமடை காய்கிறது. கடைமடைக்காரர் ஒருவர் முடியாமல் விற்றுவிடுகிறார். வாங்கியவர் சுற்றுச்சுவர் எழுப்பும்போது வயல் வாய்க்கால் உள்ளே போய்விடுகிறது. அதற்கு அடுத்த வயலுக்கு ஏரியில் தண்ணீர் இருந்தாலும் வந்து சேர வழியில்லை. அந்த வயல்காரர் விற்க நினைத்தவரே இல்லை. ஆனாலும் அவர் நிலம் தரிசாகிறது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன்கள் விடியற்காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. நாலைந்து வருடத்தில் சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்துவிடும். ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறிவிடும். அப்புறம் யாராவது வந்து "இங்கே விவசாயமே நடக்கவில்லையே, மாற்றிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது.

இத்தனையும் நடந்து முடியும்வரை அரசாங்க வரைபடத்தில் அந்த இடம் விவசாயப் பகுதிதான். கோடு அப்படியே இருக்கிறது, வயல் இல்லை. ஆயக்கட்டு சாகத் தொடங்கும் கட்டத்தில் தலையிடாத எந்தச் சட்டமும் பிணத்துக்குக் காவல் நிற்பதாகவே முடியும்.

மனை பிரித்துக் கல் நடுவது இதற்கு அப்புறம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நகரத்தின் ஓரத்தில் நிலத்தை விழுங்குவதில் ஒரு பெரும் பங்கு குடியிருப்புத் தேவையே அல்ல. அது சேமிப்பு. மகள் கல்யாணத்துக்கு ஒரு கிரவுண்டு, ஓய்வுக் காலத்துக்கு ஒரு கிரவுண்டு என்று நடுத்தரக் குடும்பங்கள் தங்கம் வாங்குவதைப் போல மனை வாங்குகின்றன. வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாதுகாப்பான சேமிப்பு என்று அவருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் வாலாஜாபாத் சாலையிலோ திருவள்ளூர் சாலையிலோ போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாகக் கல் நட்ட இடங்களில் பல வருடமாக ஒரு வீடுகூட எழுந்திருக்காது. நெல்லும் இல்லை, குடித்தனமும் இல்லை. வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் வயலை எடுக்கிறோம் என்ற வாதத்துக்கு அந்த வெற்று மனைகளே எதிர்ச் சாட்சி.

வயல் போனால் நெல் மட்டும்தான் போகிறது என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு. வரப்புக் கட்டிய ஒரு ஏக்கர் வயலில் பத்து சென்டிமீட்டர் மழைத்தண்ணீர் நின்றால் அது சுமார் 4 லட்சம் லிட்டர். ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு என்றால் 40 கோடி லிட்டர். அது மெல்ல இறங்கும், கிணறுகளுக்குப் போகும், மிச்சம் நாள்கணக்கில் மெதுவாக வடியும். அதே ஆயிரம் ஏக்கரும் மண் கொட்டி மேடாக்கிய மனைகளாகிவிட்டால் அந்தத் தண்ணீர் மொத்தமும் சில மணி நேரத்தில் கீழே இருப்பவரின் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அது பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அடையாற்றுக்குத் தண்ணீர் அந்த ஒரு ஏரியிலிருந்து மட்டும் வருவதில்லை. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதில்தான் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அந்த மேல்பகுதி நிலம் மாறிப்போனதும் ஒரு காரணம். நாலே வருடத்தில், 2019 ஜூலையில், அதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவந்தோம். வெள்ளத்தையும் வறட்சியையும் இரண்டு தனி விபத்துகளாகப் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

சட்டமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாமல் விளைநிலத்தில் போட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த மாதமே, அப்படிப்பட்ட மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பெயரில், சட்டத்தில் இல்லாத ஓர் அதிகாரத்தை வைத்து நடந்த வியாபாரம் அதனால் பெரிதும் அடங்கியது. அந்தத் தடை நல்லது செய்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் 2017 மே மாதம், 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த விதி வந்தது. கெடுவும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. தவிர, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவும் வயலில்தான் விழுகிறது. சாலை எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்று அங்கீகாரம் பார்க்கிறது. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் இனி எப்படிப் போகும் என்பது அதில் முக்கியக் கேள்வியாக இருப்பதில்லை.

ஏரிச் சட்டம் ஏரியின் எல்லையைக் காக்கிறது; ஆயக்கட்டைத் தொடுவதில்லை. ஆயக்கட்டு போன ஏரிக்கு ஊரில் சொந்தக்காரர் கிடையாது. மதகை யார் பழுதுபார்ப்பார்? வாய்க்காலை யார் தூர்வாருவார்? முகப்பேர் பக்கம் "ஏரித் திட்டம்" என்றே குடியிருப்புக்குப் பெயர் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா" இருக்கிறது. பாசனம் நின்று, ஊருக்கு வேண்டாததாகிப்போன ஏரி எப்படி முடியும் என்பதற்கு அந்தத் தெருப்பெயர்கள் போதும்.

இடையில் ஒரு விஷயம். 2020-இல் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது, அங்கே இனி விளைநிலம் பத்திரம் என்று பலர் நினைத்தார்கள். அந்தச் சட்டம் தடுப்பது உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், எண்ணெய், இயற்கை எரிவாயு துரப்பணம் போன்றவற்றை. மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. தஞ்சாவூரைச் சுற்றி வயலில் கல் நடுவதை அந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியாது.

இனி கோட்டைப் பற்றி. லண்டனின் பசுமை வளையம் 1930-களில் தொடங்கி, 1955-க்குப் பிறகு நாடு முழுக்கக் கொள்கையானது. லண்டனைச் சுற்றி மட்டும் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் அதில் இருக்கிறது. அது நிலைத்தது உண்மை. ஆனால் நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் உரிமையை 1947-லேயே அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்ட நாடு அது. அந்த அடித்தளம் இல்லாமல் கோட்டை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாம் இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. ஹைதராபாத் போதும்.

1908-இல் மூசி ஆற்று வெள்ளம் அந்த நகரத்தைச் சூறையாடிய பிறகு, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். 1996-இல், அந்த இரண்டையும் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் 84 கிராமங்களில் பெரிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் வரக்கூடாது என்று அரசாணை 111 போட்டார்கள். இந்தியாவில் ஒரு நகரம் தன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் போட்டுக்கொண்ட மிகத் துணிச்சலான கோடுகளில் அது ஒன்று. ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே ஐடி கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் வந்து நில விலை பல மடங்கு ஏறியபோது, உள்ளே இருந்த கிராமத்துக்காரர் தன் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. நகரம் குடித்த தண்ணீருக்காக அவர் விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஆணையை நீக்குவோம் என்பது தேர்தல்தோறும் வாக்குறுதியானது. வசதி உள்ளவர்கள் பண்ணை வீடு என்ற பெயரில் உள்ளே கட்டிக்கொண்டும் இருந்தார்கள். 2022-இல், நகரத்தின் குடிநீருக்கு இந்த நீர்த்தேக்கங்கள் இப்போது அவ்வளவாகத் தேவையில்லை என்று சொல்லி, தெலங்கானா அரசு அந்த ஆணையின் கட்டுப்பாடுகளை இன்னோர் ஆணையால் நீக்கியது. இருபத்தாறு வருடம் நின்ற கோடு அப்படிப் போயிற்று. மூசி வெள்ளத்தைத் தடுக்கத்தான் அந்த ஏரிகள் வந்தன என்பதை அந்த முடிவு கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் கொல்கத்தா. நகரத்தின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இன்னும் இருக்கிறது. நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் அங்கே ஆழமில்லாத மீன் குளங்களுக்குப் போகிறது, வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன, மீன் வளர்கிறது, வெளியேறும் தண்ணீரில் காய்கறியும் நெல்லும் விளைகின்றன. அந்த மீனும் காயும் திரும்ப நகரத்துச் சந்தைக்கே வருகின்றன. இதன் மதிப்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அங்கே நில மாற்றத்தைத் தடுத்தது. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் தனிச் சட்டம் வந்தது. ஆக்கிரமிப்பு அங்கேயும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த நிலத்தைப் பிழைப்பாகக் கொண்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருப்பதால்தான் சட்டத்துக்கு அங்கே உயிர் இருக்கிறது. சென்னையின் தெற்கே இருக்கும் நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் 2022-இல் ராம்சார் தளமானதுதான். ஆனால் பெயர் கிடைக்கும் முன்பே, முன்னிருந்த சதுப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் அரசு வளாகங்களும் வந்த காலத்தில் அது யாருடைய வருமானமாகவும் கணக்கில் இல்லை. தரிசு என்றே எழுதப்பட்டிருந்தது.

விட்டுக்கொடுப்பவருக்குப் பணம் எப்படித் தருவது? இதற்கு நல்ல முன்மாதிரி வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய மான்ட்கோமரி கவுண்டியில் இருக்கிறது. 1980-இல் அங்கே 93,000 ஏக்கரை வேளாண் ஒதுக்கமாக அறிவித்து, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். கூடவே, ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு "கட்டும் உரிமை"யை விவசாயி தன் நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம் என்றார்கள். நகரப் பகுதியில் கூடுதலாக வீடுகள் கட்ட விரும்பும் கட்டுமானக்காரர் அதை வாங்க வேண்டும். விற்ற பிறகு நிலம் விவசாயியிடமே இருக்கும். ஆனால் அதில் இனிக் கட்ட முடியாது என்பது ஆவணத்திலேயே நிரந்தரமாக ஏறிவிடும். வயலும் நின்றது, வயல்காரருக்குப் பணமும் வந்தது. அரசுக் கஜானாவிலிருந்து அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அதை அப்படியே இங்கே வைக்க முடியாது. நம் ஊரில் அரை ஏக்கர், கால் ஏக்கர்தான் பலருக்கு. நாலு பேர் உரிமையை விற்று ஐந்தாவது ஆள் மனை போட்டால் வாய்க்கால் மறுபடி அறுந்துவிடும். ஆகவே இங்கே அலகு ஒரு பட்டாதாரராக இருக்கக்கூடாது. ஓர் ஏரியின் முழு ஆயக்கட்டாக இருக்க வேண்டும். நிதிக்கும் வழி இருக்கிறது. சென்னையில் கட்டுமானக்காரர்கள் கூடுதல் தளப்பரப்புக்கு, பிரீமியம் எஃப்எஸ்ஐ என்ற பெயரில், நிலத்துக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஏற்கெனவே பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை, பாதுகாக்கப்பட்ட ஆயக்கட்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏக்கர் கணக்கில் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்றே: வாய்க்கால் ஓட வேண்டும், நிலம் பயிரில் இருக்க வேண்டும். இதற்கு முன்னுதாரணமும் சென்னையிலேயே உண்டு. குடிநீர் வாரியம் திருவள்ளூர் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளிலிருந்து விலை கொடுத்துத் தண்ணீர் எடுத்திருக்கிறது. கிராமத்து நிலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்ச நகரம் பணம் கொடுத்தது. அந்த நிலத்தில் தண்ணீரைச் சேர்ப்பவருக்குக் கொடுக்க மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்?

இதில் ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. நகரத்துக்குப் பக்கத்தில் பயிர் வைப்பவர் பலர் குத்தகைக்காரர்கள். பட்டா அண்ணா நகரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஒருவரின் பெயரில் இருக்கும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-இலேயே வந்தும் பதிந்தவர்கள் கொஞ்சம்தான். பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உடைமையாளருக்குப் பயம். ஆகவே தொகையை இரண்டாகப் பிரிப்பதே நியாயம்: விற்காமல் வைத்திருப்பதற்கு உடைமையாளருக்கு ஒரு பங்கு, உழுவதற்கு உழுபவருக்கு ஒரு பங்கு. யார் உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் பாசன விவசாயிகள் சங்கமே அதைச் சொல்லலாம்.

"அப்படியானால் ஜனங்கள் எங்கே குடியிருப்பது?" என்று கேட்பவர்களுக்கு: உள்ளே. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர். அந்த நிலையங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய வீடுகளைக் கட்டாயமாக்காமல், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கிரவுண்டு விற்றுக்கொண்டிருந்தால் அவர் அங்கேதான் போவார். வயலைக் காக்கும் திட்டமும் உள்ளே வீடு கட்டும் திட்டமும் ஒரே காகிதத்தில் இருக்க வேண்டும்.

கோட்டை மீறுவதில் தனியார் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு நீர்நிலை உள்ள நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைத்துக் கொடுக்க வழி செய்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022-இல் அறிவித்த இடத்தில் ஏரிகளும் நஞ்சையும் இருக்கின்றன. ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டு எதிர்க்கிறார்கள். விமான நிலையம் தேவையா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் அரசே ஏரியைக் கைமாற்றக்கூடிய பொருளாகப் பார்த்தால், பக்கத்து ஊரில் மனை போடுபவரைப் பார்த்து "இது ஆயக்கட்டு" என்று சொல்லும் தகுதியை அது இழந்துவிடும்.

நீங்கள் இந்த 5,904 சதுர கிலோமீட்டருக்குள் வரும் ஊர்க்காரராக இருந்தால் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபணை, ஆலோசனை தெரிவிக்க அவகாசம் தருவார்கள். அதுவரை காத்திருக்காமல் உங்கள் ஊர் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டையும் புலப்பட வரைபடங்களையும் எடுத்து, ஏரி, வரத்துக் கால்வாய், மதகுதோறும் பிரியும் வாய்க்கால், ஆயக்கட்டு ஆகியவற்றின் புல எண்களைப் பட்டியலிடுங்கள். ஊரில் வயதானவர்களை வாய்க்காலோடு நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். வரைபடத்தில் இல்லாத கிளைகளை அவர்கள் காட்டுவார்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அதில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக ஏற்றி, ஏரி வாரியாக ஆயக்கட்டு எல்லையைத் திட்ட வரைபடத்தில் குறிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒரே ஒரு புல எண்ணுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றக் கோரி நாளிதழில் அறிவிப்பு வரும்போதும், அந்த எண் உங்கள் பட்டியலில் எந்த வாய்க்காலின் மேல் விழுகிறது என்று பார்த்து, கெடு முடிவதற்குள் ஆட்சேபணையை அனுப்பிவிடுங்கள்.